கம்பளிக்குள் ஒரு வெளிச்சம்

கண்ணின் கதை – தொடர் கட்டுரை: 9

கூக்காலில் மார்கழி, தை மாதங்களில் இரவு எட்டு மணிக்கெல்லாம் தெரு அடங்கிவிடும். பூம்பாறையைத் தாண்டிய மேல்பழனி மலைச் சரிவு. ஏறத்தாழ 6,000 அடி உயரம். பகல் முழுக்கப் பூண்டு வயலிலும் உருளைக்கிழங்கு வயலிலும் குனிந்து நிமிர்ந்தவர்களுக்கு, ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று ஏறத் தொடங்கியதும் கம்பளிதான் கதி. முன்பு கம்பளிக்குள் போனால் தூக்கம். இப்போது கூடவே செல்போனும் போகிறது. குளிரில் கையை வெளியே நீட்ட மனம் வராது. தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடித்துப் பார்க்கிறார்கள். சமவெளியில் புழுக்கம் தாங்காமல் பத்து நிமிடத்தில் போர்வையை உதறிவிடுவோம். மலையில் அந்தத் தடையும் இல்லை.

"போர்வைக்குள்ள வெச்சுப் பாக்காதடா, கண்ணு போயிரும்" என்று பேரனை அதட்டாத பாட்டி இன்று எந்த ஊரிலும் இருக்க மாட்டார். கண் போகாது. ஆனால் பாட்டியின் பயத்தில் நியாயம் உண்டு. எது நடக்கும், எது நடக்காது என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

2016-இல் லண்டன் மருத்துவர்கள் சிலர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு வயது 22. இரவில் படுத்திருக்கும்போது அவ்வப்போது வலது கண் இருண்டுபோகும், இடது கண் நன்றாகத் தெரியும். இன்னொருவருக்கு வயது 40. அவருக்கு அதிகாலையில், விடிவதற்கு முன் ஒரு கண் பார்வை மங்கி, சில நிமிடங்களில் திரும்பிவிடும். பரிசோதனைகளில் கோளாறு எதுவும் சிக்கவில்லை. கடைசியில், அந்த நேரத்தில் சரியாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டதும் விடை கிடைத்தது. இருவருமே இருட்டில் ஒருக்களித்துப் படுத்துப் போன் பார்த்திருக்கிறார்கள்.

ஒருக்களித்துப் படுத்தால் ஒரு கண் தலையணையில் புதைந்துவிடும். மற்றக் கண் மட்டும் திரையைப் பார்க்கும். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கென்று குச்சி செல்கள் இருக்கின்றன. அவற்றில் ரொடாப்சின் என்ற நிறமி உண்டு. வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப்போகும். இருட்டில் மெல்ல மெல்ல மீண்டும் சேரும். முழுதாகச் சேர அரை மணி நேரம்கூட ஆகலாம். தலையணையில் புதைந்த கண் அதற்குள் இருட்டுக்கு நன்றாகப் பழகியிருக்கும். போன் பார்த்த கண்ணோ வெளிச்சத்துக்குப் பழகியிருக்கும். போனை அணைத்துவிட்டு மல்லாந்தால் ஒரு கண்ணுக்கு ஓட்டு விட்டம் தெரியும், மறு கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தால் இரண்டுமே ஒன்றுபோல் மங்கியிருக்கும், வித்தியாசமே தோன்றியிருக்காது. இது நோயல்ல. ஆனால் விஷயம் தெரியாதவருக்கு நடுராத்திரியில் அது எப்பேர்ப்பட்ட திகிலாக இருக்கும்!

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பல இமைப்புகள் அரைகுறையாகவே மூடுகின்றன. கண்ணீர்ப் படலம் காய்ந்து, மணல் விழுந்ததுபோல உறுத்துகிறது. அடுத்தது தூரம். 40 சென்டிமீட்டரில் வைத்துப் படிக்கும்போது கண் தன் பார்வையை 2.5 டயாப்டர் அளவுக்குக் குவிக்க வேண்டும். போனை 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 5 டயாப்டர், அதாவது இரட்டிப்பு வேலை. போர்வைக்குள் 40 சென்டிமீட்டருக்கு இடம் ஏது? கூடவே இரண்டு விழிகளும் மூக்கை நோக்கி உள்ளே திரும்பியபடியே நிற்க வேண்டும். தென்கொரியாவின் குவாங்ஜு நகர மருத்துவர்கள் 2016-இல், 7 முதல் 16 வயது வரையான 12 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தினமும் நான்கு மணி நேரத்துக்குமேல், மாதக்கணக்கில், மிக அருகில் வைத்துப் போன் பார்த்த பிள்ளைகள். அவர்களுக்கு விழி உட்புறமாகத் திரும்பி மாறுகண் வந்திருந்தது. போனை விலக்கியதும் மாறுகண்ணின் அளவு குறைந்தது. ஆனாலும் சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அரிதான பாதிப்புதான். ஆனால் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நீல ஒளி விழித்திரையைப் பொசுக்கிவிடும் என்று சொல்லிக் கண்ணாடி விற்கிறார்களே, அதை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். போன் திரையைவிட வெளியே இருக்கும் பகல் வானம் பல மடங்கு பிரகாசமானது. நீல ஒளி தடுப்புக் கண்ணாடியால் கண் அயர்ச்சி குறைவதாகத் தெரியவில்லை என்று 2023-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்லிவிட்டது. இரவு வெளிச்சம் கெடுப்பது தூக்கத்தை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 12 பேரைச் சில இரவுகள் ஐபேடிலும் சில இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் படிக்க வைத்துப் பார்த்தார்கள். ஐபேடில் படித்த இரவுகளில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பு குறைந்தது, தூக்கம் வர நேரமானது, மறுநாள் காலையில் மந்தம் மிஞ்சியது.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை கிட்டப்பார்வைதான். டெல்லிப் பள்ளிப் பிள்ளைகளிடம் எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வில் சுமார் 13 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. சீனாவின் குவாங்ஜோவில் ஆறு வயதுப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் படித்த பிள்ளைகளில் 39.5 சதவீதத்தினருக்கும், வெளியே விட்ட பிள்ளைகளில் 30.4 சதவீதத்தினருக்கும் கிட்டப்பார்வை வந்தது. மருந்தில்லை, செலவில்லை, வெறும் பகல் வெளிச்சம். கூக்கால் பிள்ளைகளுக்கு அது வாசலிலேயே கிடக்கிறது. படிப்படியாக இறங்கும் வயல்கள், அதற்கு அப்பால் ஏரி, அதற்கும் அப்பால் சோலைக்காடு. பார்வை ஓட இவ்வளவு தூரம் சென்னையில் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காது. மூடுபனி நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் வகுப்பறையைவிட மிக அதிகம். ராத்திரி பதினோரு மணி வரை போன் பார்த்த பிள்ளை, காலையில் தூங்கி வழிந்து அந்த வெளிச்சத்தையும் இழப்பதுதான் மனதை அறுக்கிறது.

போனை அடியோடு விலக்கச் சொல்ல மாட்டேன். வெளியூரில் வேலை பார்க்கும் மகனோடு பேசவும், பூண்டு விலை கேட்கவும் அதுதான் வழி. விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி இருபது அடிக்கு அப்பால் பாருங்கள். படுத்தபின் போன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது. போன் பார்க்காதபோதும் ஒரு கண் திடீரென இருண்டாலோ, திரைச்சீலை இறங்கியதுபோல் பார்வையின் ஒரு பக்கம் மறைந்தாலோ, மின்னல் பொறிகள் தெரிந்தாலோ, 'போன் பார்த்ததால்தான்' என்று நீங்களே முடிவுகட்டிக் காத்திருக்காதீர்கள். ரத்தக் குழாய் அடைப்பாகவோ விழித்திரை பிரிவதாகவோ இருக்கலாம். அடைப்பென்றால் சில மணி நேரத்தில் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். கூக்காலிலிருந்து கொடைக்கானல் வந்து, அங்கிருந்து மலை இறங்கவே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் திண்டுக்கல்லிலும் கிளைகள் உண்டு. விடியட்டும் என்று இருக்காமல், வண்டி பிடித்து அந்த ராத்திரியே கிளம்புங்கள்.

(அடுத்த வாரம்: நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்து)