காட்வின்-ஆஸ்டினின் நத்தைகள்

போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு காட்வின் ஆஸ்டின் என்றால் கே2 சிகரம். உலகின் இரண்டாவது உயரமான அந்தச் சிகரத்தில், 8,611 மீட்டர், அவர் ஏறியதில்லை. அதை முதலில் அளந்தவரும் அவர் அல்லர். 1856-ல் காஷ்மீரின் ஹராமுக் மலையில் நின்று, 200 கி.மீ.க்கும் அப்பால் தெரிந்த முடிகளை நில அளவையாளர் தாமஸ் மாண்ட்கோமரி கே1, கே2 என்று குறித்துவைத்தார். கே1-க்கு மஷெர்பிரம் என்ற உள்ளூர்ப் பெயர் கிடைத்தது. கே2-வோ, அங்கே போகும் வழியில் கடைசிக் கிராமமான அஸ்கோலேயிலிருந்துகூடக் கண்ணில் படாது. குறியே பெயராகிவிட்டது.

ஹென்றி ஹேவர்ஷாம் காட்வின்-ஆஸ்டின் 1834-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தை நிலவியல் அறிஞர். 1851-ல் படையில் சேர்ந்து, தாய்வழித் தாத்தா தலைமையேற்ற இரண்டாம் பர்மியப் போரைப் பார்த்துவிட்டு, காஷ்மீர் நில அளவைக்கு வந்துசேர்ந்தார்.

1861-ல் காரகோரத்தின் பால்டோரோ பனியாற்றுக்குள் போனார். கையில் பிளேன் டேபிள்: முக்காலியில் பொருத்திய பலகை, மேலே ஒட்டிய தாள், குறிபார்க்கும் ஒரு சட்டம். ஏற்கெனவே இடம் தெரிந்த சிகரங்களைச் சட்டத்தின் வழியே பார்த்துக் கோடு இழுத்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே தான் நிற்கும் இடம். பிறகு அங்கிருந்து புதியவற்றை நோக்கிக் கோடுகள். வீட்டுக்குப் போய் வரையும் வேலை அல்ல இது. கண்ணெதிரே மலை இருக்கும்போதே, விறைத்த விரல்களால் பென்சிலைப் பிடித்து முடித்தாக வேண்டும். சுமார் 60 கி.மீ. நீளப் பனியாறு அப்படித்தான் தாளுக்கு வந்தது. கே2-வின் பனி உருகிச் சிந்து நதிக்குப் போகிறது என்பதும் தெளிவாயிற்று. சுமை தூக்கி, வழிகாட்டி உடன் நடந்த பால்டி மக்களின் பெயர் எந்தச் சிகரத்துக்கும் சூட்டப்படவில்லை. அது அநியாயம்தான்.

இந்த வரைபடங்கள் பேரரசின் தேவைக்காக வரையப்பட்டவை என்பதையும் மறைக்கக் கூடாது. 1864-ல் பூட்டானுக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவில் நில அளவையாளராக அவரும் போனார். அந்த ஆண்டே பூட்டான் மீது போர் மூண்டது.

எனக்கு அவர்மேல் மதிப்பு வருவது அதற்குப் பிந்தைய வாழ்க்கையால். வடகிழக்கின் காசி மலையிலும் நாகா மலையிலும் அளவை நடத்தியபடியே பறவைகளைச் சேகரித்தார். சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த பறவையியலாளர் ஜெர்டன், ஓர் இருவாச்சி இனத்துக்கு 1872-ல் அவர் பெயரையே வைத்தார். ஆனால் அவர் மனம் ஒன்றியது நத்தைகளில். நத்தை மலை தாண்டிப் போவதில்லை. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு இனம் மாறும். ஒரு நிலத்தின் பழைய வரலாற்றை நத்தைகளின் பரவலிலிருந்து படிக்கலாம். ஓட்டின் வடிவை மட்டும் நம்பினால் இனங்களைக் குழப்பிக்கொள்வோம் என்று, உள்ளிருக்கும் மென்னுடலை அறுத்துப் பார்த்து, உறுப்புகளைப் படம் வரைந்து பிரித்தார். பனியாற்றை வரைந்த அதே கைக்கு இப்போது ஒரு விரல்நுனி அளவு உயிர் போதுமானதாக இருந்தது.

1877-ல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். இந்தியாவின் நில, நன்னீர் நத்தைகளைப் பற்றிய அவருடைய நூல் 1882 முதல் 1920 வரை பகுதி பகுதியாக வந்தது. பௌத்தத்தைத் தழுவி, சர்ரேயில் தம் இடத்திலேயே புத்தருக்கு ஒரு சிறு ஆலயமும் கட்டிக்கொண்டார்.

1888-ல் அவர் பெயரைக் கே2-வுக்குச் சூட்டச் சொன்னார்கள். அதிகாரபூர்வமாக ஏற்கப்படவில்லை, அட்லஸ்களில் மட்டும் ஒட்டிக்கொண்டது. லண்டன் ராயல் புவியியல் கழகத்தின் தங்கப் பதக்கம் 1910-ல்தான் வந்தது, பால்டோரோ பயணத்துக்கு 49 ஆண்டுகள் கழித்து. 1923-ல் இறந்தார். ‘ஆஸ்டேனியா’ என்று ஒரு நத்தைப் பேரினம் இருக்கிறது. அந்தப் பெயரை அறிவியல் ஏற்றுக்கொண்டது.