அக்கரையில் என்ன செய்தி?

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ராமேசுவரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால், தீவில் இருப்பவர்களுக்குப் பத்திரிகை வந்தாக வேண்டுமே! ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே, ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே வீசுவார்கள். ஏஜெண்டாக இருந்த உறவுக்காரருக்கு உதவியாக அந்தக் கட்டுகளைச் சேகரித்துத் தன் முதல் சம்பளத்தை வாங்கினான் ஒரு சிறுவன். 2002-ல் நாட்டின் ஜனாதிபதியான டாக்டர் அப்துல் கலாம்தான் அந்தச் சிறுவன்.

கட்டில் எது அச்சாகி வந்ததோ, அதுவே அன்றைக்குத் தீவு முழுவதும் பேச்சு. பார்த்தேயிராத ஹிட்லரைப் பற்றிக்கூட ராமேசுவரத்துத் தெருக்களில் தர்க்கம் நடக்கும்.

இன்று நிலைமை தலைகீழ். ராமேசுவரத்துக் கடலைப் பற்றி மதுரையிலும் சென்னையிலும் இருக்கும் நாம் தர்க்கம் செய்கிறோம். நம்மில் அநேகம் பேர் அந்தக் கடலில் தீர்த்தமாடியிருப்போம். படகேறி மீன் பிடிக்கப் போனவர்கள் யார்? பத்திரிகைக் கட்டில் வருவதுதான் நமக்குக் கடல்! அதிலிருந்து அபிப்பிராயம் பிறக்கிறது, அபிப்பிராயம் ஓட்டாகிறது. ஜனநாயகம் என்பது இவ்வளவுதானே?

ஒரு நாள் காலை, காப்பி டம்ளரும் கையுமாகப் பத்திரிகையைப் பிரித்தேன். ராமேசுவரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று செய்தி. "இது என்ன அநியாயம்!" என்று உரக்கப் படித்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே கேட்டாள்: "அந்தக் கரையிலும் தமிழ்ப் பத்திரிகை உண்டுதானே? அதிலே இன்றைக்கு என்ன போட்டிருப்பார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. காப்பி ஆறிப்போயிற்று.

ஒரு கடல், இரண்டு தலைப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து 1985 முதல் 'உதயன்' வருகிறது. கொழும்பிலிருந்து 1930 முதல் 'வீரகேசரி' வருகிறது. இப்போது கைப்பேசியிலேயே படித்துவிடலாம். மனைவியின் கேள்விக்காகப் படித்துப் பார்த்தேன். நம் பத்திரிகையில் 'சிறைபிடிப்பு' என்றால் அங்கே 'அத்துமீறல்'. இங்கே 'வயிற்றுப் பிழைப்புக்குப் போன மீனவர்' என்றால் அங்கே 'நம் வலையை அறுத்த இழுவைப் படகு'. இரண்டும் தமிழ்தான், படிக்கிறவர்களும் தமிழர்கள்தான்!

யார் பொய் சொல்கிறார்கள்? யாரும் இல்லை. ஆளுக்குப் பாதி சொல்கிறார்கள். அங்கேதான் சங்கடம்.

நம் பாதி நமக்குத் தெரியும். பிடிபட்டவர் சிறையில், படகு அங்கே கரையில் கிடந்து மக்குகிறது, வீட்டில் கடன். துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களும் உண்டு. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் பெண்கள் கண்ணீர் விட்டது கட்டுக்கதை அல்ல.

அவர்கள் பாதி என்ன? இலங்கையில் 1983 முதல் 2009 வரை உள்நாட்டு யுத்தம். வடக்கே இருந்த தமிழ் மீனவர்கள் கடலுக்குப் போக எத்தனையோ கட்டுப்பாடுகள். யுத்தம் முடிந்து, சின்னப் படகும் கடன் வாங்கிய வலையுமாகத் திரும்பினால், அவர்கள் விரித்த வலைக்கு மேலே இந்தக் கரை விசைப்படகுகள் வந்து போகின்றன. காலையில் வலை கந்தல்! அந்தக் கரையிலும் ஒரு தாய் அடுப்பைப் பற்றவைக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இழுவை மடி என்பது கடலின் அடித் தரையை வாரிக்கொண்டு வரும் வலை. முற்றத்தைப் பெருக்கினால் குப்பையோடு உதிர்ந்த பூவும் வருவதுபோல, பெரிய மீனோடு குஞ்சும் குழந்தையும் வந்துவிடும். பாக் ஜலசந்தியோ ஆழமில்லாத கடல். 2017-ல் இலங்கை இந்த முறைக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தது. நம் கரையிலேயே நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் இதனால் பழைய வழக்கு உண்டு. அதற்காகத்தான் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை ஏற்பட்டது.

இது ஏன் முதல் பக்கத்துக்கு வருவதில்லை? எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்ற கணக்கு சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடும். வலைக் கண்ணின் கதையை விசாரிக்கப் பத்து நாள் ஆகும். பத்திரிகைக்கோ விடிந்தால் அடுத்த இதழ்! இரண்டு கரையையும் பார்த்து எழுதிய நிருபர்களும் இருக்கிறார்கள். ஆனால், பத்து நாள் உழைத்து எழுதியது ஒரு நாள் வந்து மறைகிறது; கைதுச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது.

பேசிய வருஷமும் பேசாத வருஷமும்

கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 285 ஏக்கர், குடிக்கத் தண்ணீர் இல்லை, குடியிருப்பும் இல்லை, ஓர் அந்தோணியார் கோயில். வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு கரை ஜனங்களும் அங்கே திருவிழாவில் சந்திக்கிறார்கள்.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தத்தால் தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் அங்கே போய்வரலாம் என்று அதில் ஒரு ஷரத்து இருந்தது. பார்லிமெண்டில் எதிர்ப்புக் கிளம்பியது. தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் போட்டது. பத்திரிகைகள் எழுதின, ஊர் பேசியது.

1976 மார்ச்சில் இரு அரசாங்கங்களும் கடிதம் மாற்றிக்கொண்டன. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்பது சாரம். மீனவர் வயிற்றை நேராகத் தொட்டது இதுதான். அப்போது என்ன பேச்சு நடந்தது? 1975 ஜூன் முதல் நாட்டில் அவசர நிலை; பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாடு மந்திரிசபையைக் கலைத்தாயிற்று, சட்டசபையும் இல்லை. எழுதவேண்டியவர் கையும் கட்டு. கேட்கவேண்டியவர் வாயும் கட்டு! இன்றும் திண்ணைப் பேச்சில் 1974 அடிபடுகிற அளவுக்கு 1976 அடிபடுவதில்லை. பத்திரிகை மௌனமாக இருந்த வருஷம் ஜனங்களின் ஞாபகத்திலிருந்தும் நழுவிவிடுகிறது.

பேச்சு அதிகமானாலும் ஆபத்து உண்டு. 2024 மார்ச் 31-ல், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பழைய காகிதங்களை வைத்து ஓர் ஆங்கிலத் தினசரி கச்சத்தீவுச் செய்தி வெளியிட்டது. ஏப்ரல் 19-ல் தமிழ்நாட்டில் தேர்தல்! இடைப்பட்ட நாட்களில் மேடைக்கு மேடை கச்சத்தீவுதான். யார் கொடுத்தார்கள், யார் சும்மா இருந்தார்கள் என்று ஒரே வாதம். தீவைப் பற்றிக் காதில் விழுந்ததில் கால்வாசிகூட வலையைப் பற்றி என் காதில் விழவில்லை. 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் இரண்டு நாட்டு மீனவர்களே எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

கடலின் குரல்

பாம்பனிலிருந்து 2016 முதல் 'கடல் ஓசை' என்று ஒரு சின்ன வானொலி நிலையம் ஒலிக்கிறது. மீனவர்களுக்காக, அவர்கள் பேசும் தமிழிலேயே. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம் என்று சொல்கிறார்கள். மீன் வளத்தைக் காப்பது பற்றியும் பேசுகிறார்கள். அந்தக் குரல் தீவைத் தாண்டி அதிக தூரம் கேட்காது. ஆனாலும், கடலைப் பற்றிக் கடலில் போகிறவர்களே பேசுகிறார்கள் அல்லவா? நம் விவாதத்தில் இல்லாமல் போனது அதுதான்.

சகோதரிகளே! பத்திரிகையை நாம் அச்சடிக்கப் போவதில்லை. எது முதல் பக்கம் என்று தீர்மானிக்கப் போவதும் இல்லை. ஆனால், கத்திரிக்காய் வாங்கும்போது ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கிறதே என்று அப்படியே பையில் போட்டுக்கொள்கிறோமா? திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? செய்தியையும் ஒரு முறை திருப்பிப் பார்த்தால் என்ன?

எங்கள் வீட்டில் இப்போது அது வழக்கமாகிவிட்டது. நான் எந்தச் செய்தியையாவது ஆவேசமாகப் படிக்க ஆரம்பித்தால், சமையல் உள்ளிலிருந்து குரல் வருகிறது:

"அக்கரையில் என்ன செய்தி?"

அதைத் தேடிப் படித்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். சில நாள் ஆறித்தான் போகிறது. என்ன செய்வது?