இரண்டு பேர், ஒரு கம்ப்யூட்டர், அறுபதுகளின் இசை

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பெரும்பாலானவர்கள் அதனைப் பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும்தான் பயன்படுத்துகிறோம். அதே கம்ப்யூட்டரில் ஒரு பாடலைத் தயாரிக்கவும் முடியும் என்றால், "அதற்கெல்லாம் ஸ்டுடியோ வேண்டுமே!" என்று பலர் தயங்குவார்கள். பெரிய கம்பெனி எதன் துணையும் இல்லாமல் தொடங்கி, உலகின் பல நாடுகளில் அறியப்பட்ட ஓர் இருவர் குழுவைப் பற்றி இங்கே பார்க்கலாம். அவர்களுடைய பாடல்களைக் கேட்டால் 1960களில் பதிவானவை போல இருக்கும். அந்தப் பழைய ஒலி எப்படி வருகிறது என்பதுதான் என்னை இவர்கள் பக்கம் இழுத்தது.

யார் இவர்கள்?

குழுவின் பெயர் கல்ட்ஸ். பாடுபவர் மேடலின் ஃபோலின். கிதார் உள்ளிட்ட கருவிகளைக் கையாள்பவர் பிரையன் ஒப்லிவியன். இருவரும் நியூயார்க் நகரில் சினிமா படித்துக் கொண்டிருந்தவர்கள். 2010 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்று பாடல்களைத் தாங்களே பதிவு செய்து, பேண்ட்கேம்ப் என்னும் தளத்தில் அப்லோட் செய்தனர். 2008ல் தொடங்கப்பட்ட இந்தத் தளத்தில் கலைஞர்கள் தங்கள் பாடல்களை நேரடியாக வெளியிடலாம். இலவசமாகவும் தரலாம், விலை வைத்தும் விற்கலாம்.

தங்களைப் பற்றிய விவரங்களை அவர்கள் ஏறத்தாழ எதுவுமே தரவில்லை. ஆனாலும் "கோ அவுட்சைட்" என்ற பாடல் வேகமாகப் பரவியது. பாடகி லில்லி ஆலன் கொலம்பியா நிறுவனத்துடன் இணைந்து நடத்திய லேபிள் அவர்களைத் தேடி வந்தது. 2011ல் முதல் ஆல்பம் வெளியானது.

பழைய ஒலியின் ரகசியம்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெண்கள் குழுக்களின் பாடல்கள் மிகவும் புகழ் பெற்றிருந்தன. அவற்றில் பலவற்றைத் தயாரித்தவர் பில் ஸ்பெக்டர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் பல கிதார், பல பியானோ, டிரம்ஸ், ஊது கருவிகள் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாசிக்கச் சொல்வார். அந்த ஒலியை சிமென்ட் பூசிய ஒரு வெற்று அறைக்குள் ஸ்பீக்கர் மூலம் அனுப்புவார்கள். சுவர்களில் மோதி எதிரொலிக்கும் ஒலியை அங்கே இருக்கும் மைக் பிடிக்கும். அதனை முதல் ஒலியுடன் கலந்து, ஒரே சேனலில், அதாவது மோனோவில் பதிவு செய்வார்கள். தனித்தனிக் கருவிகள் காதுக்குத் தெரியாமல், ஒலி ஒரு சுவர் போல எழும். "ஒலிச் சுவர்" என்றே இதற்குப் பெயர். 1963ல் ரோனெட்ஸ் குழு பாடிய "பி மை பேபி" இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கம்ப்யூட்டர் செய்வது என்ன?

அந்த அறையும் அத்தனை கலைஞர்களும் இல்லாமல் இதனை நெருங்க இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, மல்டி டிராக் பதிவு. ஒரே ஆள் கிதாரை ஒரு டிராக்கில் பதிவு செய்து, அதனைக் கேட்டுக் கொண்டே அடுத்த டிராக்கில் பாடலாம்; மூன்றாவதில் கை தட்டலாம். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்து இயக்கும். கல்ட்ஸ் பாடல்களில் கேட்கும் மணி போன்ற சிறு கருவியும், அடுக்கடுக்கான குரல்களும் இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கத் தக்கவை.

இரண்டாவது, ரிவெர்ப் என்னும் எதிரொலி எபெக்ட். கோயிலின் கல் மண்டபத்தில் ஒரு முறை கை தட்டுங்கள். தட்டல் முடிந்த பிறகும் ஒலி சற்று நேரம் நின்று தேயும். அது அந்த மண்டபத்தின் கைரேகை போன்றது. அதனைப் பதிவு செய்து கொடுத்தால், உங்கள் அறையில் பாடிய குரல் அந்த மண்டபத்தில் எப்படி ஒலிக்கும் என்பதைச் சில சாப்ட்வேர்கள் கணக்கிட்டுத் தந்துவிடும். எண்களைப் பெருக்கிக் கூட்டும் வேலைதான் இது. ஆனால் ஒரு விநாடி ஒலியில் 44,100 எண்கள் இருப்பதால் கணக்கு மிகப் பெரியது. அதனை நம் வீட்டுக் கம்ப்யூட்டரே எளிதாகச் செய்துவிடுகிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராம் போதும். ஒரு மைக், ஒரு ஹெட்போன் தேவை. ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் கேட்டுக் கொண்டு பாடினால், பழைய டிராக்கின் ஒலியும் புதியதில் பதிவாகிவிடும்.

1. ரெக்கார்ட் பட்டனை அழுத்தித் தாளத்தைப் பதிவு செய்திடவும்.
2. ஷிப்ட் கீயுடன் ஆர் கீயை அழுத்தினால் புதிய டிராக் திறக்கும். தாளத்தைக் கேட்டபடி பாடவும்.
3. அதே பாட்டை இன்னொரு டிராக்கில் மீண்டும் பாடவும். இரண்டும் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டியதில்லை. அந்தச் சிறு வேறுபாடுதான் குரலுக்குத் தடிமன் தருகிறது.
4. குரல் டிராக்கைத் தேர்ந்தெடுத்து, எபெக்ட் மெனுவில் ரிவெர்ப் சேர்க்கவும்.
5. எல்லாவற்றையும் மோனோவாக மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பழைய ரேடியோவின் சாயல் வரும்.

என் கம்ப்யூட்டரில் சாதாரண ஹெட்செட் மைக் வைத்து இதனைச் செய்தபோது, மூன்றாவது குரல் சேர்ந்ததும் ஒலி சட்டென நிறைந்துவிட்டதை உணர முடிந்தது.

அடுத்தவர் ஒலி வேண்டாம்

"கோ அவுட்சைட்" பாடலின் தொடக்கத்தில் ஜிம் ஜோன்ஸ் என்பவரின் பேச்சு வருகிறது. 1978ல் கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில் 900க்கும் மேற்பட்டோர் இறக்கக் காரணமான மதத் தலைவர் இவர். இனிய மெட்டுக்குள் இந்தக் குரலை வைத்ததால் பாட்டின் பொருளே மாறுகிறது. இப்படிப் பிறர் ஒலியை எடுத்துப் பயன்படுத்துவதை சாம்பிளிங் என்பார்கள். நீங்கள் சினிமாப் பாடலின் துண்டு எதையும் இப்படிச் சேர்த்து இன்டர்நெட்டில் வெளியிட வேண்டாம். யூடியூப் போன்ற தளங்கள் அதனைத் தாமாகவே கண்டுபிடித்துவிடும். உரிமையாளர் உங்கள் வீடியோவை முடக்கலாம்.

பைலைப் பாதுகாத்திடுங்கள்

சிடி தரத்தில் ஸ்டீரியோ பதிவு, நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 எம்பி இடம் பிடிக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் 1 எம்பி போதும். இடம் மிச்சமாகிறதே என்று மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள். எம்பி3யில் விடுபட்ட விவரங்கள் திரும்ப வராது. தனித்தனி டிராக்குகளும் கிடைக்காது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி வைத்திடுங்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு பாட்டுக்கு எப்போது நேரம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. கல்ட்ஸ் குழு 2017ல் வெளியிட்ட "ஆஃபரிங்" ஆல்பத்தில் "கில்டட் லில்லி" என்ற பாடல் இருந்தது. வெளியானபோது அது பெரிதாகப் பேசப்படவில்லை. சில ஆண்டுகள் கழித்து, டிக்டாக்கில் இளைஞர்கள் தங்கள் வீடியோக்களுக்குப் பின்னணியாக அதனை வைக்கத் தொடங்கினர். (இந்தியாவில் டிக்டாக் 2020ல் தடை செய்யப்பட்டது.) அந்தப் பழைய பாட்டு குழுவின் மிகப் புகழ்பெற்ற பாடல்களில் ஒன்றாகிவிட்டது. 2010ல் அவர்கள் பாடலைக் கேட்டபோது பள்ளிக்கே செல்லாதவர்கள் பலர் இன்று அவர்களின் ரசிகர்கள்.

பாடும் குரலையும் நல்ல மெட்டையும் எந்த சாப்ட்வேரும் தராது. ஆனால் உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த ஒருவர் இருந்தால், அவர் பாட்டு வீட்டுக்குள்ளேயே நின்றுவிட வேண்டிய காலம் போய்விட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை மைக்கை இணைத்து, ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்து பாருங்கள்.