குதிரையின் குளம்பு அழுகல்: மருந்து மட்டும் போதுமா?

குதிரை என்றவுடன் பந்தயத் திடலும் படை அணிவகுப்பும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் செங்கற்சூளையில் வண்டி இழுப்பதும், மலைப்பாதையில் யாத்திரிகர்களைச் சுமப்பதும், சிற்றூர்ச் சந்தைக்குச் சரக்கு ஏற்றிச் செல்வதும் குதிரையினத்தைச் சேர்ந்த விலங்குகளே. 2012-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரை, மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2019-இல் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்தது. கோவேறு கழுதைகள் ஏறத்தாழ 84 ஆயிரமே எஞ்சின. இயந்திர வண்டி வாங்க இயலாதவர்களுக்கோ இவ்விலங்குதான் இன்றும் மூலதனம். அந்த மூலதனம் நிற்பது நான்கு குளம்புகளின் மேல்.

சில ஆண்டுகளுக்கு முன் மேற்கு உத்தரப் பிரதேசத்தின் செங்கற்சூளைப் பகுதி ஒன்றுக்கு அலுவல் நிமித்தம் சென்றிருந்தேன். சூளைகள் மீண்டும் தொடங்கியிருந்த பருவம். பச்சைக்கற்களை ஏற்றிச் செல்ல வண்டிகள் வரிசையாக நிற்க, ஒருவருடைய குதிரை மட்டும் கொட்டகையிலேயே கட்டப்பட்டிருந்தது. பின்னங்கால் குளம்பை அவர் தூக்கிக் காட்டினார். கறுத்த கசிவும் பொறுக்கவொண்ணாத துர்நாற்றமும்! நான்கு வகை மருந்துகள் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டும் குணமாகவில்லை என்று வருந்தினார். அவர் நின்று பேசிய இடத்தில் ஈரச் சாணமும் சிறுநீரும் கணுக்கால் நனையக் கிடந்தன.

நோயின் இயல்பு

குதிரைக் குளம்பின் அடிப்புறத்தில், குதிகாலிலிருந்து முன்நோக்கிக் குறுகிச் செல்லும் முக்கோண வடிவமான மெத்தை போன்ற பகுதி ஒன்று உண்டு. கால் தரையில் ஊன்றும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்க உதவுவது இதுவே. இதன் இரு பக்கங்களிலும் நடுவிலும் பள்ளங்கள் அமைந்துள்ளன. இப்பள்ளங்களில் சாணமும் சேறும் அடைத்துக்கொண்டால் காற்று புகுவதில்லை. காற்றில்லா இடத்தில் செழித்து வளரும் நுண்ணுயிர்கள், அவற்றுள் முக்கியமாக ஃபுசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்பது, அங்கே பெருகி மென்பகுதியை அழுகச் செய்கின்றன. தொடக்கத்தில் நாற்றம் மட்டுமே இருக்கும்; விலங்கு நொண்டாது. ஆதலால் உரிமையாளர் பொருட்படுத்துவதில்லை. நடுப்பள்ளம் ஆழமாகப் பிளந்து, உள்ளிருக்கும் உயிருள்ள தசையை அழுகல் எட்டிய பின்னரே நொண்டல் தோன்றுகிறது.

மழைக்காலத்தில் சூளைகள் மூடப்படுகின்றன என்பதை இங்கே சேர்த்துக் காணவேண்டும். அம்மாதங்களில் குதிரைக்கு வேலையில்லை. உரிமையாளருக்கு வருவாயும் இல்லை. எனவே அவர் தீவனத்தைக் குறைக்கிறார். லாடம் தேயாததால் லாடம் அடிப்பவரையும் அழைப்பதில்லை. ஈரத்தில் அசையாமல் நிற்கும் விலங்கின் குளம்பு நீண்டு வளர்கிறது, குதிகால் குறுகுகிறது, பள்ளம் மேலும் இடுங்குகிறது. வருவாய் இல்லாத மாதங்களில் மிச்சம் பிடித்த சிறு தொகைக்கு, வருவாய் வரவேண்டிய மாதங்களில் பன்மடங்கு வட்டி கட்டுவதற்கு ஒப்பானது இது. நொண்டி நின்ற நாட்களின் கூலியைக் கால்நடைக் காப்பீடு எதுவும் ஈடு செய்வதில்லை.

தீராத நோய்க்குத் தீர்வு

மருந்து எது என்பதைவிட, மருந்து அழுகல் உள்ள இடத்தைச் சென்று அடைகிறதா என்பதே முதற் கேள்வி. அழுகித் தொங்கும் சதையையும் பள்ளத்தை மூடிநிற்கும் மடிப்புகளையும் தேர்ந்த கையினர் சீவி அகற்றிக் காற்றுப் புகச் செய்யவேண்டும். இரத்தம் வருமளவு வெட்டுவது தீங்கு. பின்னர் நாள்தோறும் குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கழுவி, நன்கு உலரவிட்டு, டிங்சர் அயோடின் போன்ற கிருமிநாசினியை இடலாம். ஆழமான நடுப்பிளவில் மயில்துத்தக் கரைசலில் நனைத்த பஞ்சைத் திணித்து அன்றாடம் மாற்றுவதும் வழக்கில் உள்ளது. ஈரத்தின் மேல் மருந்தை ஊற்றுவதால் பயனில்லை.

வீரியம் மிகுந்தால் விரைவில் குணமாகும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. ஃபார்மலின், அமிலம் முதலியவற்றை ஊற்றுவோரும் உளர். இவை அழுகிய சதையோடு புதிதாக வளரும் சதையையும் எரித்துவிடுகின்றன; புண் ஆறுவதற்கு மாறாக நீடிக்கிறது. பூக்கோசு போன்று சதை புடைத்து வளருமாயின் அது வேறொரு நோயாக இருக்கக்கூடும். கால்நடை மருத்துவரின் கத்தியும் கண்காணிப்பும் அதற்குத் தேவை. ஆழ்ந்த புண் உள்ள குதிரைக்கு இசிவு நோய்த் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும். குதிரையினம் அந்நோய்க்கு எளிதில் இரையாகக் கூடியது. 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி பல மாநிலங்களில் கிடைக்கிறது.

குறுகிய குதிகாலைச் சீர்செய்வது பொறுமையை வேண்டுவது. குளம்புச் சுவர் மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே வளர்கிறது. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை சமனாகச் சீவி, உலர்ந்த தரையில் நாள்தோறும் நடத்தினால், சில மாதங்களில் பள்ளம் விரிந்து தானே சுத்தமாக இருக்கத் தொடங்கும். இதற்கிடையில் மருந்தை நிறுத்திவிட்டு, 'தீராத நோய்' என்று கைவிடுவோரே மிகுதி.

தரையைப் பொறுத்தவரை சூளைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. உடைந்த செங்கல் அங்கே குவிந்து கிடக்கிறது. கொட்டகைத் தரையை உயர்த்தி, செங்கல் துண்டுகளைப் பரப்பி இடித்து, மேலே மணல் இட்டு, ஒருபுறமாகச் சரிவு வைத்தால் சிறுநீர் வடிந்துவிடும். நான் சந்தித்த அந்த உரிமையாளர் நான்கு மருந்துகளுக்குச் செலவிட்டிருந்தார். பத்தடி தூரத்தில் கிடந்த செங்கல் குவியலை அவரும் எண்ணவில்லை, மருந்து விற்றவரும் சொல்லவில்லை.

2024-இல் திருத்தியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றின் வளர்ப்புத் தொழிலுக்கும் மானியம் சேர்க்கப்பட்டது. காப்பீட்டுக் கட்டணத்தில் பயனாளியின் பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இருக்கும் விலங்கை நடக்கச் செய்பவர் லாடம் அடிப்பவர். அவருடைய தொழில் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகன் கற்பது. கூரிய கத்தியும் முறையான பயிற்சியும் அவரை எட்டுவது அரிது. சூளை மாவட்டங்களில் இப்பயிற்சியையும் தரை அமைக்கும் செயல்விளக்கத்தையும் நடத்த ஏற்ற காலம், மழைக்கு முன் சூளைகள் மூடப்படும் வாரங்களே. கணக்குத் தீர்த்து உரிமையாளர் கையில் சிறிது பணம் இருப்பதும் அப்போதுதான்.