பெருக்குமுன் கேட்க வேண்டிய வினா

நான்கடி இருத்தலினாலேயே ஒரு செய்யுள் வெண்பா ஆகிவிடாது. ஈற்றடி முச்சீராய் முடிதலும் போதாது. சீர்தோறும் தளை பார்த்த பின்னரே பெயர் சூட்டல் வேண்டும் என மாணவர்க்கு யான் வற்புறுத்துவதுண்டு. கணித நூலார் கூறும் ஈருறுப்புப் பரம்பலுக்கும் இத்தகைய சோதனை இன்றியமையாதது. அதன் சூத்திரத்தை மனனஞ் செய்தோர் பலர்; அதனை எங்கே வழங்கலாம் என்று அறிந்தோர் சிலரே.

அக்கணக்கை விரித்துரைத்தோருள் முதன்மையானவர் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்து யாக்கோபு பேர்ணூலி. 1705 இல் அவர் மறைந்தார். ஊகிக்குங் கலை எனப் பொருள்படும் அவரது இலத்தீன் நூல் 1713 இல் அச்சேறியது.

ஆறு சோழிகளைக் குலுக்கி எறிகின்றோம். வாய் மேல்நோக்க விழுந்தவை எத்தனை? சுழியம் முதல் ஆறு வரை எவ்வெண்ணும் வரலாம். முன்கூட்டிச் சொல்லவியலாத இவ்வெண்ணே எழுமாற்று மாறி. அஃது ஈருறுப்புப் பரம்பலின்பாற் படுமோ என அறிய நான்கு வினாக்கள் உள. முயல்வுகளின் தொகை முன்னரே வரையறுக்கப்பட்டதா? ஆம், ஆறு. ஒவ்வொரு முயல்விற்கும் விளைவு இரண்டேதானா? ஆம், வாய் மேல் அல்லது கீழ். வெற்றியின் நிகழ்தகவு எங்கும் ஒன்றேயா? சோழிகள் ஒரே வடிவினவாயின், ஆம். அஃது அரையாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஒன்றன் விளைவு மற்றொன்றைப் பாதியாதிருக்குமா? நன்கு குலுக்கி எறியின், ஆம்.

இனி, பொருந்தாத இரண்டினைக் காண்போம். வாய் மேல்நோக்கும் வரை ஒரு சோழியையே எறிந்து, எறிந்த தடவைகளை எண்ணினால், முயல்வுத் தொகைக்கு வரையறை இல்லை. முதல் வினாவிலேயே அது விலகிற்று. பத்து மாம்பழங்களுள் மூன்று அழுகல். நான்கினைத் திரும்ப வையாது கண்மூடி எடுக்கின்றோம். முதற்பழம் அழுகலாயின் அடுத்ததும் அழுகலாதற்கு நிகழ்தகவு ஒன்பதில் இரண்டு. நல்லதாயின் ஒன்பதில் மூன்று. முன்னது பின்னதைக் கட்டுகின்றது. ஆதலின் இதுவும் ஈருறுப்பு அன்று. அதே விகிதத்தில் பல்லாயிரம் பழங்கள் இருப்பின், நான்கினை எடுத்தல் நிகழ்தகவைப் பெரிதும் மாற்றாது. அப்போது அக்கணக்கு அண்ணளவாகப் பொருந்தும்.

நான்கனுள் அரியது இறுதி வினாவே. வெண்பாவிற்குத் தளை வேண்டும். ஈருறுப்பிற்கோ முயல்வுகளிடையே தளை இருத்தலாகாது. அத்தளை கண்ணுக்குப் புலனாவதில்லை. புலனாகாததை இல்லையெனக் கொள்வதன் கேட்டினை இங்கிலாந்து 1999 இல் கண்டது. இரு குழந்தைகளை இழந்த தாயொருவர் கொலைக்குற்றஞ் சாட்டப்பட்டார். அவர்களைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணமறியாது திடீரென இறத்தல் 8,543 இல் ஒன்று எனக் கொண்டு, அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, இரண்டு அவ்வாறு இறத்தல் ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என மருத்துவ நிபுணரொருவர் சாட்சியமளித்தார். தாயார் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். ஒரே பெற்றோர்க்குப் பிறந்து ஒரே சூழலில் வளர்ந்த பிள்ளைகள் தனித்தனி எறிந்த சோழிகளாவரோ? அப்பெருக்கலுக்கு ஆதாரமில்லை என 2001 இல் வேத்தியற் புள்ளிவிபரவியற் கழகம் அறிவித்தது. 2003 இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. முன்னர் வெளிப்படுத்தப்படாத மருத்துவச் சோதனை முடிவுகளே அதற்கு முதற்காரணம். அதற்குள் அவர் மூன்றாண்டுக்கு மேல் சிறையிருந்துவிட்டார்.

பெருக்கல் சிறுவர்க்கும் எளிது. பெருக்கலாமா என வினவுதலே கல்வி. நான்காம் வினாவிற்கு விடை தெரியாதவிடத்துக் கைகட்டி நிற்றல் அறியாமை அன்று, அறிவுடைமையே.