முதல் கேமரா, துணைப் பொருள்கள், கையில் ஒரு பில்

முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்குகிறவர்கள் கேமராவுக்காக மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். எந்த மாடல், எந்தக் கடை, எத்தனை மாதத் தவணை என்று எல்லாவற்றையும் அலசிவிட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள். மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, ட்ரைபாட் என்று வரும்போது மட்டும், மிச்சமிருக்கும் இரண்டாயிரம் மூவாயிரத்தைப் பில்கூடக் கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள். போலிகள் விலைபோவது இந்த அவசரத்தில்தான்.

மெமரி கார்டில் நடக்கும் மோசடி கண்ணுக்குத் தெரியாதது. அட்டையில் 128 ஜிபி என்றிருக்கும். கணினியில் சொருகினாலும் 128 என்றே காட்டும். உள்ளே இருக்கும் சிப் 8 ஜிபியாக இருக்கலாம். பொய்யான அளவைக் காட்டும்படி அதன் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். அந்த 8 ஜிபி நிரம்பும்வரை ஒரு குறையும் தெரியாது. பிறகு எடுக்கும் படங்கள் திறக்காமல் போகும், அல்லது பழைய படங்களை அழித்துக்கொண்டு பதிவாகும். தங்கை கல்யாணத்தின் முகூர்த்த நேரத்தில் இது நடந்தால் எந்த இழப்பீடும் அந்தப் படத்தைத் திருப்பித் தராது. அதனால் வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதையும் எழுதிப் பார்த்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம்தான். யு3 அல்லது வி30 குறி இருந்தால், எழுதும் வேகம் நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாது என்று பொருள். ஆரம்பத்துக்கு 32 ஜிபி அசல் கார்டே போதும்.

அடுத்தது பேட்டரி. கேனான் 1500டி-க்கான எல்பி-இ10 அசல் பேட்டரியின் திறன் 860 எம்ஏஎச். அதே அளவுள்ள மலிவு பேட்டரியில் 2000 என்று போட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். வேறு நிறுவனத் தயாரிப்புகள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். அந்த எண்ணே இல்லாத பேட்டரி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மலிவு பேட்டரி உப்பி கேமராவுக்குள் சிக்கிக்கொள்வதும் உண்டு. பழுதுக்குக் காரணம் வேறு நிறுவனப் பொருள் என்றால் கேமராவின் வாரண்டியும் பொதுவாகக் கைகொடுக்காது.

லென்ஸ் முன்னால் திருகும் மலிவு வைடு, டெலி கண்ணாடிகள் படத்தின் கூர்மையைக் கெடுக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் தேவையில்லை. ஃபிளாஷ் வாங்கும் முன் உங்கள் கேமராவில் மாட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கேனான் 200டி மார்க் 2-வில் ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில் நடு முனை இல்லாததால், நடு முனையை மட்டும் நம்பும் எளிய ஃபிளாஷ்கள் அதில் எரியாது. சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் இருப்பவர்கள் கேமரா வைக்கும் பைக்குக் கொடுக்கும் பணத்தைக் காற்றுப்புகா டப்பாவுக்கும் சிலிக்கா ஜெல்லுக்கும் கொடுக்கலாம். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்யும் செலவே அதிகமாகிவிடும்.

இனி சட்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், அதைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகமே. பேட்டரி வெடித்துக் கேமரா பாழானால், கேமராவின் இழப்பையும் சேர்த்துக் கேட்கலாம். இறக்குமதிப் பொருளின் அட்டையில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விற்பனை விலை இருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம்.

இணையத்தில் வாங்கினால் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் கிடையாது. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.

கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைக்க நினைக்கும் இளைஞர்களுக்கு இன்னொன்று. ‘தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று கடைக்காரர் சொன்னால் பின்வாங்காதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவரையும் இந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.