பீரோவுக்குள்ள புத்தகம்... சாவி உங்க கையில!

லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? அப்படியே நீங்க படிச்ச ஸ்கூல் பக்கம் ஒரு விசிட் அடிங்க. லைப்ரரின்னு ஒரு ரூம் இருக்கும். நாலு பீரோ, நாலு பூட்டு, ஓரம் கிழிஞ்ச ஒரு இருப்புப் பதிவேடு. ''எந்தப் புத்தகம் யார்கிட்ட இருக்குன்னே தெரியலைப்பா. தொலைஞ்சா என் தலையில விழும்'' என்பார் பொறுப்பு டீச்சர். அந்தப் பயத்திலேயே பீரோ திறப்பதில்லை!

இதற்கு சாஃப்ட்வேர் இருக்கு. 'பட்ஜெட் இல்லையே' என்று ஹெச்.எம். கையை விரித்தாலும் கவலை வேண்டாம்.

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்கும் இதே பட்ஜெட் தலைவலிதான். 2000 பிறந்தால் பழைய சாஃப்ட்வேர் மக்கர் பண்ணும் என்ற நிலை. 1999-ல் ஒரு சின்ன கம்பெனியை வைத்துப் புதிதாக எழுத வைத்தார்கள். 2000 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது. அதோடு, உலகத்துக்கே இலவசமாகவும் கொடுத்துவிட்டார்கள். பெயர் 'கோஹா'. மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று அர்த்தம்!

யூனிகோட் இருப்பதால் கோஹாவில் தமிழிலேயே பதியலாம், தேடலாம். ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸோடு சேர்த்துப் போட்டுவிட்டால், மற்றவற்றுக்கு பிரவுசரே போதும். ஆனா, லினக்ஸ் தெரிந்த ஒருத்தர் வேணும். அது நீங்களா இருக்கலாமே! அரசுப் பள்ளி என்றால், தேசிய தகவல் மையம் உருவாக்கிய 'இ-கிரந்தாலயா' பற்றியும் விசாரிக்கச் சொல்லுங்க. மொத்தமே 300 புத்தகம்தானா? சாதாரண எக்ஸெல் ஷீட்டே தாராளம். பந்தா வேண்டாம்.

எதை எடுத்தாலும் மூணு கேள்வி கேளுங்க. தமிழில் தேட முடியுமா? நாளைக்கு வேற சாஃப்ட்வேருக்கு மாறினா, பதிந்ததை எல்லாம் வெளியே எடுக்க முடியுமா? நீங்க காலேஜுக்குத் திரும்பிய பிறகு யார் பார்த்துப்பாங்க? மூணாவதுக்குப் பதில் இல்லைன்னா, எத்தனை நல்ல சாஃப்ட்வேரும் ரெண்டே மாசத்தில் தூசி படியும். டீச்சருக்கும் ரெண்டு ப்ளஸ் ஒன் பசங்களுக்கும் கத்துக்கொடுத்துட்டு, வாரம் ஒருமுறை பென் டிரைவில் பேக்கப் எடுக்கவும் பழக்கிட்டு வாங்க.

இலவசம் என்பது சாஃப்ட்வேர் மட்டும்தான் பாஸ், உழைப்பு இல்லை! ஒரு புத்தகத்துக்கு மூணு நிமிஷம்னா, 1,000 புத்தகத்துக்கு 50 மணி நேரம். அஞ்சு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்தா தலைக்கு 10 மணி நேரம். ரெண்டே நாள்!

புத்தகம் இருப்பது பூட்டி வைக்க அல்ல என்பதைத்தான், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகத்தின் முதல் விதியாக வைத்தார். அந்த ரெண்டு நாள் முடிந்ததும், பூட்டைத் திறக்கும் முதல் ஆள் அந்த டீச்சராகத்தான் இருப்பார்!